புதுப் பதிப்புக்கு மாறும்போது எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது: ஹாம் ரேடியோ மென்பொருள் செட்டிங்ஸ் பற்றி

ஹாம் ரேடியோ, அதாவது அமெச்சூர் வானொலி, வைத்திருக்கும் ஒருவரின் கேள்வி இதுதான். பழைய கணினியில், பலவீனமான சிக்னலிலும் ரேடியோ வழியாகச் சிறு செய்திகளைப் பரிமாற உதவும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் நிரலின் பழைய பதிப்பு பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது புதுக் கணினி, புதுப் பதிப்பு. பழைய செட்டிங்ஸ் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் எடுத்து வந்து ஒட்டியிருக்கிறார். நிரல் திறக்கிறது, கால்சைனும் (நிலையத்தின் அழைப்புப் பெயர்) கிரிட்டும் (இருப்பிடக் குறியீடு) சரியாக வருகின்றன, ஆனால் ரிக், அதாவது ரேடியோ, கணினியோடு பேச மாட்டேன் என்கிறது, வரும் சிக்னல்களைக் காட்டும் வாட்டர்ஃபால் கறுப்பாகவே கிடக்கிறது, எஃப்டி4 என்ற செய்தி முறைக்குப் போனால் அலைவரிசைப் பட்டியல் காலியாக இருக்கிறது. அடுத்து ரேடியோவின் ஃபர்ம்வேரையும் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் முறையில் பேசும் கைக்கருவியின் கோட்பிளக்கையும் (சேனல், செட்டிங்ஸ் எல்லாம் அடங்கிய கோப்பு) புதுப்பிக்க வேண்டியிருக்கிறது, அதிலும் இப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்கிறார். பழையதையும் புதியதையும் கொஞ்ச நாள் கூடவே வைத்திருக்கலாமா என்றும் கேட்கிறார்.

முதலில் நிம்மதியாக இருங்கள், நீங்கள் சொன்ன எதிலும் எதுவும் கெட்டுப்போகவில்லை. எல்லாமே சரிசெய்யக்கூடியவை, அரை மணி நேர வேலைதான். ஆனால் ஏன் இப்படி ஆனது என்று புரிந்துகொண்டால் அடுத்து வரும் ஃபர்ம்வேர், கோட்பிளக் வேலைகளும் தானாகவே தெளிவாகிவிடும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

செட்டிங்ஸ் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அந்த ஃபோல்டருக்குள் இருப்பது நான்கு பேருக்குச் சொந்தமானது. கால்சைன், கிரிட், லாக் (தொடர்புகளின் பதிவேடு), மேக்ரோ (முன்கூட்டியே எழுதிவைத்த செய்தி), நீங்களாகச் சேர்த்த அலைவரிசைகள் எல்லாம் உங்களுடையவை. காம் போர்ட் எண் (ரேடியோ செருகிய இணைப்புக்குக் கணினி வைக்கும் எண்), சவுண்ட் கார்டின் பெயர், ஜன்னல் திரையில் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணினிக்குச் சொந்தம். இயல்பான அலைவரிசைப் பட்டியலும் நிறங்களும் நிரலின் அந்தப் பதிப்புக்குச் சொந்தம். அளவுத்திருத்த எண்கள், அதாவது கேலிப்ரேஷன், ரேடியோவுக்குச் சொந்தம். நீங்கள் ஃபோல்டரை மொத்தமாக ஒட்டியபோது பழைய கணினியின் விவரங்களும் பழைய பதிப்பின் பட்டியலும் சேர்ந்தே வந்துவிட்டன. புது நிரல் பாவம், இல்லாத போர்ட்டையும் இல்லாத சவுண்ட் கார்டையும் தேடிக்கொண்டிருக்கிறது.

எங்கே என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். விண்டோஸில் விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே லோக்கல்ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் திறக்கும் இடத்தில் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்றே ஒரு ஃபோல்டர் இருக்கும். செட்டிங்ஸ் வைத்திருக்கும் ஐஎன்ஐ கோப்பு, லாக், டீகோட் ஆன, அதாவது சிக்னலிலிருந்து எழுத்தாக மாற்றப்பட்ட, எல்லாவற்றையும் எழுதிவைக்கும் ஆல் டெக்ஸ்ட் கோப்பு, எல்லாம் அங்கேதான். நிரலை நிறுவிய இடம் வேறு, இந்த இடம் வேறு. அதனால்தான் அதே கணினியில் புதுப் பதிப்பை நிறுவும்போது எதையுமே நகல் எடுக்கத் தேவையில்லை, புதியது போய் அதே ஐஎன்ஐ-யைப் படித்துக்கொள்ளும். லினக்ஸில் இது இரண்டாகப் பிரிந்திருக்கும்: ஐஎன்ஐ கோப்பு ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் ஃபோல்டரிலும், லாக் கோப்புகள் புள்ளியில் தொடங்கும் லோக்கலுக்குள் ஷேர் ஃபோல்டரிலும் இருக்கும். மேக்கில் ஐஎன்ஐ லைப்ரரிக்குள் பிரிஃபரன்ஸஸிலும், லாக் அப்ளிகேஷன் சப்போர்ட்டிலும். இந்த இரண்டு இயங்குதளங்களிலும் ஒன்றை மட்டும் எடுத்து மற்றதை மறந்துவிடுவது மிக எளிது. எந்த இயங்குதளமாக இருந்தாலும் நிரலின் ஃபைல் மெனுவில் லாக் டைரக்டரியைத் திற என்று ஒரு வரி உண்டு, அதை அழுத்தினால் லாக் இருக்கும் இடம் நேராகத் திறந்துவிடும்.

ஐஎன்ஐ கோப்பைத் தொடுவதற்கு முன் ஒன்று. நிரலை மூடிவிடுங்கள். அது மூடும்போதுதான் நினைவில் இருப்பதையெல்லாம் மொத்தமாக அந்தக் கோப்பில் எழுதுகிறது. நிரல் திறந்திருக்கும்போது நீங்கள் கோப்பில் எதை மாற்றினாலும், மூடுகிற நொடியில் அதன் மேலேயே எழுதிவிடும். இது தெரியாமல் நான் ஒரு மாலை முழுவதும் ஒரே வரியை நான்கு முறை திருத்தியிருக்கிறேன். நகல் எடுக்கும்போதும் அப்படியே, மூடியபின் எடுத்த நகல்தான் முழுமையான நகல்.

சரி, இப்போது அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். சதுர அடைப்புக்குள் தலைப்புகள், அவற்றுக்குக் கீழே வரிவரியாகப் பெயர், சமக் குறி, மதிப்பு. கான்ஃபிகரேஷன் என்ற தலைப்புக்குக் கீழே மைகால் என்ற வரியில் உங்கள் கால்சைன், மைகிரிட் வரியில் கிரிட், ரிக் வரியில் ரேடியோவின் பெயர் இருக்கும். கேட் சீரியல் போர்ட் என்ற வரியில் (கேட் என்பது கணினி வழியாக ரேடியோவைக் கட்டுப்படுத்துவது) பழைய கணினியின் காம் எண் அப்படியே உட்கார்ந்திருக்கும். சவுண்ட் இன், சவுண்ட் அவுட் என்று தொடங்கும் வரிகளில் பழைய கணினி அந்த யுஎஸ்பி ஆடியோவுக்குக் கொடுத்திருந்த பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கும். இங்கேதான் உங்கள் பிரச்சினை. விண்டோஸ் ஒரே ரேடியோவை வேறு யுஎஸ்பி துளையில் செருகினாலே பெயருக்கு முன்னால் ஒரு 2, ஒரு கோடு என்று சேர்த்துவிடும், அப்புறம் அது நிரலின் கண்ணுக்கு வேறு சவுண்ட் கார்டு. சில வரிகளில் பைட்அரே என்று தொடங்கிப் புரியாத எழுத்துகளாக ஓடும், அவை பெரும்பாலும் ஜன்னலின் அளவும் இடமும். இரண்டு திரை வைத்திருந்த கணினியிலிருந்து ஒற்றைத் திரைக் கணினிக்கு வந்தால், வாட்டர்ஃபால் ஜன்னல் இல்லாத இரண்டாவது திரையில் போய்த் திறந்து கண்ணிலேயே படாமல் போவது இதனால்தான். அப்படி ஆனால் ஜியாமெட்ரி என்று பெயர் கொண்ட வரியை மட்டும் நீக்கிவிட்டுத் திறந்தால் போதும், இயல்பான இடத்துக்கு வந்துவிடும்.

இனி உங்களுக்கு. செட்டிங்ஸுக்குள் ரேடியோ பக்கத்துக்குப் போய்ப் போர்ட்டை மட்டும் புதிதாகத் தேர்ந்தெடுங்கள். எந்த எண் என்று தெரியாவிட்டால் டிவைஸ் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு ரேடியோவின் கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள், மறைந்து திரும்பி வரும் எண்தான் அது. எதுவுமே வரவில்லை என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. ஐகாம் ஐசி-7300 போன்றவற்றில் உள்ளே இருப்பது சிலிக்கான் லேப்ஸின் சிபி210எக்ஸ் சில்லு, அதற்கான டிரைவரை ரேடியோவைச் செருகுவதற்கு முன்பே நிறுவிவிடுவது நல்லது. யேசு எஃப்டி-991ஏ போன்றவை இரண்டு போர்ட்டுகளைக் காட்டும், என்ஹான்ஸ்டு என்று எழுதியிருப்பதைத்தான் கேட் கட்டுப்பாட்டுக்கு எடுக்க வேண்டும். போர்ட்டின் வேகம் ரேடியோவின் மெனுவில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு டெஸ்ட் கேட் பொத்தானை அழுத்துங்கள், பச்சையானால் அந்த வேலை முடிந்தது.

இந்தச் சோதனையைச் செய்யும்போது ரேடியோவின் சக்தியைக் குறைந்தபட்சத்துக்கு வைத்துவிட்டு, முடிந்தால் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் சுமை) போடுங்கள். போர்ட்டின் ஆர்டிஎஸ், டிடிஆர் கம்பி மூலம் பிடிடி, அதாவது ஒலிபரப்புக் கட்டளை, கொடுக்கும் அமைப்பில் தவறான போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால், நிரல் திறந்த உடனேயே ரேடியோ ஒலிபரப்பில் போய் அப்படியே நிற்கும் வாய்ப்பு இருக்கிறது. முழுச் சக்தியில், ட்யூன் ஆகாத ஆன்டெனாவில் அது நடக்கக் கூடாது.

வாட்டர்ஃபால் கறுப்பாக இருப்பதற்கு முதல் காரணம் மேலே சொன்ன சவுண்ட் கார்டு பெயர், ஆடியோ பக்கத்தில் மறுபடி தேர்ந்தெடுத்தால் சரியாகும். ஆகவில்லை என்றால் எந்த ஐஎன்ஐ கோப்பிலும் இல்லாத ஒரு செட்டிங்கைப் பாருங்கள்: விண்டோஸின் பிரைவசிப் பகுதியில் மைக்ரோஃபோன் அனுமதி. டெஸ்க்டாப் நிரல்கள் மைக்ரோஃபோனைப் பயன்படுத்தலாம் என்பது அணைந்திருந்தால், ரேடியோவிலிருந்து வரும் ஒலியும் மைக்ரோஃபோன் ஒலிதான் என்று கருதி விண்டோஸ் தடுத்துவிடும். மேக்கிலும் இதே போன்ற அனுமதி உண்டு, அதோடு நிறுவும்போது பகிர்வு நினைவகத்துக்கான சிறு கோப்பு ஒன்றை லாஞ்ச் டீமன்ஸ் ஃபோல்டரில் போட வேண்டும், புது மேக்கில் அதை மறந்தால் நிரலே திறக்காது. லினக்ஸில் உங்கள் பயனர் பெயர் டயல்அவுட் குழுவில் இல்லை என்றால் போர்ட்டைத் தொட முடியாது. இவையெல்லாம் இயங்குதளத்தின் வசம் இருக்கும் செட்டிங்ஸ், எந்த ஃபோல்டரை எவ்வளவு கவனமாக நகல் எடுத்தாலும் இவை கூட வராது.

அதே வகையில் இன்னும் இரண்டு. ஒன்று, கடிகாரம். எஃப்டி4 போன்ற இன்னொரு செய்தி முறையான எஃப்டி8 15 விநாடி இடைவெளிகளில் ஓடுவது, கணினியின் நேரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். பழைய கணினியில் நேரத்தைச் சரிசெய்யும் ஒரு சிறு நிரலை எப்போதோ நிறுவி மறந்திருப்பீர்கள், புதியதில் அது இருக்காது. வாட்டர்ஃபாலில் சிக்னல் பளிச்சென்று தெரிந்தும் ஒன்றுகூட டீகோட் ஆகவில்லை என்றால் முதலில் கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். டீகோட் ஆகும் வரிகளில் டிடி என்ற பத்தியைப் பாருங்கள், எல்லாருக்கும் ஒரே பக்கமாக ஒரு விநாடி தள்ளிக் காட்டினால் தவறு உங்கள் கடிகாரத்தில். இரண்டு, விண்டோஸின் இயல்பான ஒலிக் கருவி. ரேடியோவை முதல்முறை செருகும்போது அதன் யுஎஸ்பி ஆடியோவையே இயல்பான ஸ்பீக்கராக விண்டோஸ் வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு, அப்போது கணினியின் டிங் சத்தமும் நீங்கள் பார்க்கும் வீடியோவின் ஒலியும் ரேடியோ வழியாகக் காற்றில் போகும். கணினியின் சொந்த ஸ்பீக்கரை இயல்பானதாக மாற்றிவிட்டு, ரேடியோவின் ஒலிக் கருவியை 48,000 ஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தில் வையுங்கள்.

எஃப்டி4 பட்டியல் ஏன் காலி? இது பதிப்புக்குச் சொந்தமான விஷயம். வேலை செய்யும் அலைவரிசைகளின் பட்டியலும் ஐஎன்ஐ கோப்பில்தான் இருக்கிறது, புதுப் பதிப்பு வந்தாலும் உங்கள் பட்டியலை அது தானாக அழித்து எழுதாது, நீங்கள் கைப்பட ஏதாவது சேர்த்திருப்பீர்கள் என்ற மரியாதையில். எஃப்டி4 வந்தது 2019-இல் வெளியான 2.1 பதிப்பில். உங்கள் பட்டியல் அதற்கு முந்தைய காலத்தது, அதில் எஃப்டி4 என்ற பேச்சே இல்லை. ஃப்ரீக்வென்சீஸ் பக்கத்தில் பட்டியலின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் ரீசெட் வரும், அதை அழுத்தினால் 14.080, 7.0475 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் வந்து நிற்கும். ஆனால் ரீசெட் உங்கள் சொந்தச் சேர்க்கைகளையும் துடைத்துவிடும், அதனால் முதலில் அதே மெனுவில் பட்டியலை ஒரு கோப்பாகச் சேமித்துக்கொண்டு, ரீசெட் செய்தபின் வேண்டியவற்றை மட்டும் பார்த்துச் சேருங்கள். அந்தப் பக்கத்திலேயே ஸ்லோப், இன்டர்செப்ட் என்று இரண்டு எண்கள் இருக்கும். அவை குறிப்பிட்ட ரேடியோவின் அலைவரிசைப் பிழையைத் திருத்துபவை. ரேடியோ அதேதான் என்றால் இருக்கட்டும். ரேடியோவும் மாறியிருந்தால் இரண்டையும் பூஜ்யமாக்கிவிட்டுப் புதிதாக அளந்துகொள்ளுங்கள், பழைய ரேடியோவின் திருத்தத்தைப் புதியதில் வைத்திருப்பது மற்றவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொள்வது போல. நிறங்களுக்கும் கலர்ஸ் பக்கத்தில் தனியாக ஒரு ரீசெட் இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பழைய பதிப்பிலேயே இருந்துவிடலாமே என்று தோன்றினால், எஃப்டி8 விஷயத்தில் அது சரிப்படாது. 2018 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் எஃப்டி8-இன் செய்தி நீளம் 75 பிட்டிலிருந்து 77 பிட்டாக மாறியது, பழைய பதிப்பிலேயே நின்றவர்களால் புதியவர்களின் சிக்னலை டீகோட் செய்ய முடியவில்லை. காதில் சத்தம் கேட்கும், திரையில் ஒன்றும் வராது.

அடுத்தது லாக். என்னைக் கேட்டால் கணினி மாற்றும் வேலையில் திரும்பக் கிடைக்காத பொருள் இது ஒன்றும் கீழே சொல்லும் கையொப்பச் சான்றிதழும்தான், மற்ற எல்லாவற்றையும் ஒரு மாலையில் திரும்ப அமைத்துவிடலாம். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் ஃபோல்டரில் ஏடிஐ என்று முடியும் லாக் கோப்பை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஒருவரோடு ஏற்கெனவே பேசியிருக்கிறோமா, அந்த நாடு புதியதா என்று நிறம் காட்டுவது இந்தக் கோப்பைப் படித்துத்தான். ஒட்டியபின் கலர்ஸ் பக்கத்தில் லாக்கை மறுபடி படிக்கச் சொல்லும் பொத்தானை அழுத்துங்கள். ஆல் டெக்ஸ்ட் கோப்பு வேண்டியதில்லை, வருடக்கணக்கில் ஓட்டியிருந்தால் அது நூற்றுக்கணக்கான மெகாபைட் இருக்கும், பழைய நினைவுக்காக வேண்டுமானால் தனியாகப் போட்டுவையுங்கள்.

உங்கள் முக்கிய லாக் வேறு நிரலில் இருந்தால், அதன் தரவுத்தளக் கோப்பை மட்டும் நகல் எடுத்து நிறுத்தாமல் ஏடிஐஎஃப் வடிவில் முழு ஏற்றுமதி ஒன்றும் எடுங்கள். ஏடிஐஎஃப் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு களத்துக்கும் பெயர், ஒரு முக்காற்புள்ளி, எத்தனை எழுத்து என்ற எண், அப்புறம் மதிப்பு, தொடர்பு முடியும் இடத்தில் இஓஆர் என்ற குறி. இத்தனை எளிமையாக இருப்பதால்தான் எந்தக் காலத்து நிரலும் எந்தக் காலத்து ஏடிஐஎஃப் கோப்பையும் படித்துவிடுகிறது. ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள்: ஏடிஐ கோப்பின் விதிப்படி அதில் ஆஸ்கி எழுத்துகள் மட்டுமே. குறிப்புக் களத்தில் தமிழில் எழுதிவைத்திருந்தால், போன இடத்தில் கேள்விக்குறிகளாக மாறிவிடலாம், அல்லது எழுத்து எண்ணிக்கை பிசகி அடுத்த களத்தையே தின்றுவிடலாம். இறக்குமதி முடிந்ததும் மொத்தத் தொடர்புகள் எத்தனை, உறுதியானவை எத்தனை என்று பழைய நிரலின் எண்ணோடு ஒப்பிடுங்கள். மொத்தம் சரியாக இருந்து உறுதியானவை மட்டும் குறைந்திருந்தால், கியூஎஸ்எல் நிலை (எதிர் நிலையம் தொடர்பை உறுதிசெய்ததா என்ற விவரம்) ஏற்றுமதியில் வரவில்லை என்று அர்த்தம். பழைய நிரல் கைவசம் இருக்கும்போதே அதைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.

தொடர்புகளை இணையத்தில் உறுதிசெய்யும் லாக்புக் ஆஃப் தி வேர்ல்டில் பதிவேற்றும் டிகியூஎஸ்எல் நிரலுக்குத் தனிக் கவனம் தேவை. அதில் இருக்கும் கால்சைன் சான்றிதழின் ரகசியச் சாவி உங்கள் கணினியில் உருவானது, உங்கள் கணினியில் மட்டுமே இருக்கிறது. லாக்புக்கை நடத்தும் ஏஆர்ஆர்எல் என்ற அமெரிக்க ஹாம் அமைப்பிடமும் அது கிடையாது. பழைய கணினியை அழித்துவிட்டு வந்து நின்றால் புதிதாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதுதான். ஃபைல் மெனுவில் நிலைய இடங்கள், சான்றிதழ்கள், விருப்பங்கள் மூன்றையும் சேர்த்து டிபிகே என்று முடியும் ஒரே கோப்பாக பேக்கப் எடுக்கும் வசதி இருக்கிறது, புதுக் கணினியில் அதே மெனுவில் மீட்டெடுக்கலாம். இரண்டு நிமிடம் ஆகாது. இதை இன்றைக்கே செய்யுங்கள், மாறுகிறீர்களோ இல்லையோ.

மற்ற நிரல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் முறைகளுக்கான எஃப்எல்டிஜி எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்திருக்கிறது, விண்டோஸில் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் எஃப்எல்டிஜி.ஃபைல்ஸ், லினக்ஸில் புள்ளியோடு எஃப்எல்டிஜி. அதற்குள் மேக்ரோஸ், லாக்ஸ் என்று தனித்தனி ஃபோல்டர்கள் இருப்பதால் உங்களுடையதை மட்டும் பிரித்தெடுப்பது சுலபம். போட்டிகளுக்கான லாக் நிரலான என்1எம்எம் லாகர் பிளஸ் உங்கள் கோப்புகளை டாக்குமெண்ட்ஸுக்குள் தன் பெயரிலேயே வைக்கும். புதுக் கணினியில் முதலில் முழு நிறுவி, அப்புறம் சமீபத்திய அப்டேட், அதற்குப் பிறகு டேட்டாபேஸஸ் ஃபோல்டரையும் ஃபங்ஷன் கீ செய்திகளையும் கொண்டுவாருங்கள். அதன் ஐஎன்ஐ-யைக் கொண்டுவந்தால் பழைய பயனர் பெயரோடு கூடிய பாதைகளும் கூட வரும், என் அனுபவத்தில் அதை விட்டுவிட்டுப் புதிதாக அமைப்பதுதான் விரைவு. லாக், ரிக் கட்டுப்பாட்டு நிரல்கள் சேர்ந்த டிஎக்ஸ்லேப் தொகுப்பு செட்டிங்ஸை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் வைக்கிறது, அதனால் ஃபோல்டரை நகல் எடுத்தால் எதுவும் வராது. அதன் லாஞ்சரில் ஒர்க்ஸ்பேஸாகச் சேமிக்கும் வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ரிக் கட்டுப்பாட்டுக்கு நீங்களே எழுதிய ஸ்கிரிப்ட் ஏதாவது இருந்தால் ஒரு எச்சரிக்கை. ரேடியோக்களைக் கட்டுப்படுத்தும் ஹேம்லிப் மென்பொருள் நூலகம் 3-ஆம் வரிசையிலிருந்து 4-க்கு வந்தபோது ரேடியோக்களின் மாடல் எண்களை மாற்றியது. ஐசி-7300-க்கு 373 என்று இருந்தது 3073 ஆனது, எஃப்டி-817-க்கு 120 என்று இருந்தது 1020 ஆனது. பழைய எண்ணோடு அதன் ரிக்சிடிஎல்டி நிரலைத் தொடங்கினால் அப்படி ஒரு மாடலே இல்லை என்று நின்றுவிடும். ரேடியோவைப் பெயராகத் தேர்ந்தெடுக்கும் நிரல்களில் இந்தத் தொல்லை இல்லை. அப்புறம் லினக்ஸில் டிடிஒய் யுஎஸ்பி 0, 1 என்று எழுதாமல் சீரியல் ஃபோல்டருக்குள் பை-ஐடி என்று இருக்கும் நீளமான பெயரை எழுதுங்கள், கருவிகளை எந்த வரிசையில் செருகினாலும் அது மாறாது.

ஜேடிஅலர்ட், கிரிட்டிராக்கர் போன்ற துணை நிரல் அல்லது லாக் நிரல் எதுவும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸோடு பேசவில்லை என்றால் ரிப்போர்ட்டிங் பக்கத்தில் யுடிபி பகுதியைப் பாருங்கள். முகவரி 127.0.0.1, போர்ட் 2237 என்பதுதான் வழக்கமானது. இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், கோரிக்கைகளை ஏற்கும் டிக் போட்டிருக்க வேண்டும், புதுக் கணினியின் ஃபயர்வால் முதல்முறை கேட்கும்போது அனுமதி கொடுத்திருக்க வேண்டும்.

இனி ரேடியோவின் ஃபர்ம்வேர். சில ரேடியோக்கள் ஃபர்ம்வேர் மாறியபின் முழு ரீசெட் கேட்கும், கேட்காதவற்றிலும் மெனு எதுவும் மாறாது என்று நம்பி இறங்கக் கூடாது. ஐசி-7300-இல் எஸ்டி கார்டில் செட்டிங்ஸைச் சேமிக்கும் மெனு இருக்கிறது. கார்டை அந்த ரேடியோவிலேயே ஃபார்மட் செய்து, சேமித்து, தேதியோடு வரும் அந்தக் கோப்பைக் கணினியிலும் ஒரு நகல் வையுங்கள். புது ஃபர்ம்வேரில் சேமித்த கோப்பைப் பழைய ஃபர்ம்வேர் ஏற்காமல் போகலாம், ஒரு படி பின்னால் வர நேர்ந்தால் பழையதில் சேமித்த கோப்புதான் கைகொடுக்கும், அதனால் அதை அழித்துவிட வேண்டாம். எஸ்டி கார்டு வசதி இல்லாத ரேடியோ என்றால் மெனுவை ஒவ்வொரு திரையாகக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். முழு ரீசெட்டுக்குப் பிறகு கணினியோடு பேசும் வேகம், யுஎஸ்பி வழி பிடிடி, டேட்டா முறையில் ஒலி எங்கிருந்து வர வேண்டும் என்ற மெனுக்கள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குப் போயிருக்கும். நேற்று வரை வேலை செய்த கணினி திடீரென்று பேசவில்லை என்றால் கணினியை நோண்டாமல் ரேடியோவின் அந்த மெனுக்களைப் பாருங்கள். கணினியையும் ஃபர்ம்வேரையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம் என்று நான் சொல்வதும் இதற்காகத்தான், இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போய்விடும்.

டிஎம்ஆர் கைக்கருவியில் வரிசை மிக முக்கியம். எனிடோன் 878 போன்றவற்றில் ஃபர்ம்வேருக்கும் நிரலாக்கும் சிபிஎஸ் மென்பொருளுக்கும் பதிப்பு பொருந்த வேண்டும். அதனால் முதலில் பழைய சிபிஎஸ்-ஐ வைத்துக் கருவியிலிருந்து கோட்பிளக்கைப் படித்துச் சேமியுங்கள். கணினியில் ஏற்கெனவே இருக்கும் கோப்பை நம்ப வேண்டாம், கருவியின் பொத்தானிலேயே நீங்கள் மாற்றிய சில்லறை மாற்றங்கள் அதில் இருக்காது. அங்கேயே எல்லாவற்றையும் சிஎஸ்வி-யாக (வெறும் எழுத்தாலான அட்டவணைக் கோப்பு) ஏற்றுமதி செய்யும் வசதியையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பிறகு ஃபர்ம்வேர், அதற்குரிய ரீசெட், அப்புறம் புது சிபிஎஸ்-இல் பழைய கோப்பைத் திறந்து வேறு பெயரில் சேமித்து எழுதுவது. புது சிபிஎஸ் பழைய கோப்பைத் திறக்க மறுத்தால் சிஎஸ்வி காப்பாற்றும். எழுதி முடித்ததும் நான்கைந்து சேனல்களை மட்டுமாவது கண்ணால் சரிபாருங்கள், டிஎம்ஆர் தொடர்புக்கு அவசியமான கலர் கோடு, டைம் ஸ்லாட், டாக் குரூப் மூன்றும். புதிதாக வந்த விருப்பங்கள் பழைய கோப்பில் இல்லாததால் அவை எந்த நிலையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன என்பதும் கவனிக்க வேண்டியது.

சாதாரண கைக்கருவிகளுக்கு சிர்ப் என்ற நிரலாக்க மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், பழைய சிர்ப் பைத்தான் 2-இல் ஓடியது, இப்போதைய சிர்ப்-நெக்ஸ்ட் பைத்தான் 3. பழைய இமேஜ் கோப்புகளைப் பெரும்பாலும் திறந்துவிடும். ஆனாலும் பழைய இமேஜைத் திறந்து நேராகக் கருவியில் ஏற்றாதீர்கள். முதலில் கருவியிலிருந்து புதிதாகப் பதிவிறக்கம் செய்து, பழையதை இன்னொரு தாவலில் திறந்து, சேனல் வரிகளை மட்டும் நகல் எடுத்துப் புதியதில் ஒட்டி, அதை ஏற்றுங்கள். இமேஜ் என்பது கருவியின் நினைவகத்தின் அச்சு, சேனலோடு கருவியின் உள்விவரங்களும் அதில் இருக்கின்றன. நான் ஒருமுறை வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக என்னுடையதைப் போலவே இருந்த நண்பரின் கருவியிலிருந்து எடுத்த இமேஜை என்னுடையதில் ஏற்றினேன். சேனல்கள் எல்லாம் வந்தன, ஆனால் ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் வசதி) எந்த அளவில் வைத்தாலும் திறந்தே கிடந்தது. வாங்கிய நாளிலேயே எதையும் மாற்றாமல் பதிவிறக்கிப் பெட்டியின் வரிசை எண்ணோடு பெயரிட்டு வைத்திருந்த இமேஜ் இருந்ததால் பிழைத்தது. அன்றிலிருந்து எந்தக் கருவி வந்தாலும் முதல் பத்து நிமிடம் அதற்குத்தான். சிஎஸ்வி வழியாகப் போனால் இந்த ஆபத்து இல்லை, அதில் சேனல்கள் மட்டுமே போகும். பெயர் நீளம் மட்டும் வெட்டுப்படலாம், யுவி-5ஆர் கைக்கருவி ஏழு எழுத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது.

ஓபன்ஜிடி77 போன்ற மாற்று ஃபர்ம்வேர் போடும் எண்ணம் இருந்தால், அதன் சிபிஎஸ்-இல் கேலிப்ரேஷன் பேக்கப் என்று தனியாக இருப்பதை முதலில் எடுங்கள். அந்த எண்கள் தொழிற்சாலையில் உங்கள் கருவியை ஒவ்வொன்றாக அளந்து எழுதியவை, அதே மாடலின் வேறொரு கருவியுடையது உங்களுடையதற்குப் பொருந்தாது, இழந்தால் அளவிடும் கருவிகள் இல்லாமல் திரும்ப அமைக்க முடியாது.

கடைசியாக, பழையதும் புதியதும் கொஞ்ச நாள் கூடவே இருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஒரே கணினியில் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் இரண்டு பதிப்புகளை வேறு வேறு ஃபோல்டரில் நிறுவினாலும் இரண்டும் ஒரே ஐஎன்ஐ-யில்தான் எழுதும், அதனால் புதியதன் குறுக்குவழியில் நிரல் பெயருக்குப் பின்னால் இரண்டு கோடு, ரிக்-நேம், சமக் குறி, உங்களுக்குப் பிடித்த ஒரு பெயர் என்று சேர்த்துவிடுங்கள். அந்தப் பெயரோடு தனி ஃபோல்டரும் தனி ஐஎன்ஐ-யும் உருவாகும், பழையது தொடப்படாமல் இருக்கும். முதல்முறை அது எல்லாவற்றையும் புதிதாகக் கேட்கும். பதில் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும், பழைய பதிப்பின் ரேடியோ, ஆடியோ, ரிப்போர்ட்டிங் பக்கங்களை மட்டும் படம் பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். லாக் கோப்பை மட்டும் அந்தப் புது ஃபோல்டருக்குள் நகல் எடுத்துப் போடுங்கள். உங்கள் புதுக் கணினியிலும் இப்போது ஒட்டியிருக்கும் ஐஎன்ஐ-யை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு இதேபோல் வெறுமையாகத் தொடங்குவதைத்தான் நான் செய்வேன். டெஸ்ட் கேட் பச்சையாகி, வாட்டர்ஃபால் ஓடி, ஒரு தொடர்பு முழுதாக லாக்கில் விழுந்து, அது டிகியூஎஸ்எல் வழியாகப் பதிவேறியும்விட்டால் பழைய கணினியை அணைக்கலாம். வட்டை மட்டும் இன்னும் ஒரு மாதம் அழிக்காதீர்கள்.